சுடர்மதிக்குப் பின்னால் வந்த குழி

ஒரு விடுகதை போடுகிறேன். விடை தெரிந்தவர்கள் கையை உயர்த்துங்கள்.

மண்ணுக்குள்ளே ஒரு வீடு, மாடமும் இல்லை, கதவும் இல்லை. வானம் இரைந்தால் ஆள் நிறையும், வானம் அடங்கினால் ஆள் குறையும். குடியிருக்க ஆசைப்பட்டவர் ஒருவரும் இல்லை, குடியிருக்காதவரும் ஒருவரும் இல்லை. அது என்ன?

எலிவளை என்று சொல்லத் தோன்றும். கோமளாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. பதுளைப் பக்கத்துத் தேயிலை மலையில் பிறந்து வளர்ந்து, உளவளத் துணையாளர் படிப்பை முடித்து, யுத்தம் ஓய்ந்த வன்னிக்கு வேலைக்கு வந்திருந்த அவளுடைய ஸ்கூட்டியை, ஆத்திவெட்டைக் கிராமத்தின் முகப்பிலேயே ஆறேழு பிள்ளைகள் மறித்து நிறுத்தி, விடை சொன்னால்தான் உள்ளே விடுவோம் என்று முன்சில்லைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"எலிவளை," என்றாள் கோமளா.

"இல்லை."

"கறையான் புத்து."

"இல்லவே இல்லை."

"சரி, தோத்துட்டேன். நீங்களே சொல்லிருங்க."

"பங்கர்!" என்று, செல் எனப்படும் எறிகணை விழும்போது பதுங்குகிற குழியின் பெயரைப் பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள். "மிஸ்ஸுக்குப் பங்கர் தெரியாதாம்! மிஸ், நீங்கள் எந்த நாட்டில இருந்து வந்தனீங்கள்?"

"பதுளையில இருந்து."

"அங்க செல் விழாதோ?"

"செல்லு விழாது. மழைக்கு மண்ணு சரியும்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "மண் சரிஞ்சால் பங்கருக்குள்ள ஓடேலாதே. பாவம்," என்றான் ஒருவன்.

அப்போது, எல்லோருக்கும் பின்னால் வலது காலை நீட்டியபடி நின்ற ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, "தெரியாட்டிப் பரவாயில்லை மிஸ், கொஞ்ச நேரம் இதிலேயே நில்லுங்கோ, காட்டுறன்," என்று சொல்லி ஓர் ஆத்தி மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். ஒரு பானை அரிசி வேகும் நேரம் கழிந்தது. அவளுக்குப் பக்கத்தில் இருந்த நிலம், சத்தமும் இல்லாமல் தூசியும் எழும்பாமல், மெல்லத் தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் ஐந்து மண்படிகளும், படிகளின் முடிவில் முழங்கை மடித்தது போல ஒரு திருப்பமும், மேலே பனங்குற்றிக் கூரையும், கூரைக்கு மேலே பழைய சேலைகளைத் தைத்து மண் நிரப்பிய மூட்டைகளுமாக ஒரு பங்கர் வந்து நின்றது. தோண்டிய மண் ஒரு பக்கமாகக் கூம்பாய்க் குவிந்திருந்தது. மற்றப் பிள்ளைகள் திரும்பியும் பார்க்கவில்லை. அவர்கள் ஸ்கூட்டியின் ஹோனை அமத்திப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

அந்தச் சிறுமியின் பெயர் சுடர்மதி. கோமளா தேடி வந்ததும் அவளைத்தான்.

*

அந்தக் குழி ஏன் வந்தது என்று ஆத்திவெட்டையில் ஒருவரும் கேட்டதில்லை. எப்போது வரும், எங்கே வரும், எவ்வளவு ஆழம் வரும் என்பதைத்தான் கேட்டார்கள், அதையெல்லாம் கவனித்து மனப்பாடமாகவும் வைத்திருந்தார்கள். முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய முதல் நாளே, சுடர்மதியும் அவளுடைய அம்மா இராசமலரும் தறப்பாளை விரித்துப் படுத்த இடத்துக்குப் பக்கத்தில் முதற்குழி வந்தது. அதற்குப் பிறகு அவள் ஓர் அரிசிவேகும் நேரம் எங்கே தங்கினாலும் அங்கே வந்தது. கடைக்குப் போனால் கடைவாசலில் வந்தது. கோயிலுக்குப் போனால் கிணற்றடியில் வந்தது. அவள் எழுந்து போனதும் பனங்குற்றிகளும் சேலை மூட்டைகளும் அவளுக்குப் பின்னாலேயே போய்விடும், வெறும் குழி மட்டும் அங்கேயே நிற்கும். சீமெந்துத் தரையை அது உடைக்காது. கட்டடத்துக்குள் அவள் இருந்தால் வெளியே, மிகக் கிட்ட இருக்கிற மண்ணைத் தேடி அங்கே திறக்கும்.

பள்ளிக்கூட அதிபர் முதல் வாரம் தலையில் கைவைத்தார், இரண்டாம் வாரம் சுடர்மதியின் வாங்கை ஜன்னலோரம் மாற்றிப்போட்டு, நாளுக்கொரு ஜன்னல் என்று ஒழுங்கு செய்தார், மூன்றாம் வாரம் வந்த குழிகள் ஒவ்வொன்றிலும் ஒரு வாழைக்குட்டி வைத்தார், அந்த வருடம் மாவட்டத்திலேயே அதிக வாழைக்குலை வெட்டிய பள்ளிக்கூடம் அதுதான். கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் முகக்கவசமும் நீலச் சட்டையுமாக வந்து, குழியின் விளிம்பில் குந்தியிருந்து, உள்ளே நீளக் கம்பியை விட்டுத் தட்டிப் பார்த்தார்கள். அவர்களின் மேற்பார்வையாளர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று பெருமூச்சு விட்டார். "நாங்கள் ஒரு நாளைக்கு ஒரு பாய் அகலம் தோண்டுறதுக்குள்ள நாரி முறியுது. தங்கச்சி, பதினெட்டு வயசு ஆனதும் எங்களிட்ட வாரும், வேலை இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் குழியின் உண்மையான அருமையைக் கண்டுபிடித்தவர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் ஐயம்பிள்ளைதான். ஊர் திரும்பிய நாற்பது வீடுகளுக்கும் மலசலகூடம் கட்டித்தர ஒரு நிறுவனம் வந்திருந்தது. கோப்பை தருவோம், சீமெந்து தருவோம், கூரைத் தகடும் தருவோம், ஆனால் குழியை வீட்டுக்காரரே வெட்டவேண்டும், அப்போதுதான் உங்களுக்குப் பொறுப்பு வரும் என்பது அவர்களின் விதி. ஆத்திவெட்டை மண்ணோ கிறவல் மண். குத்துகிற இரும்பு அலவாங்கு பட்டால் அலவாங்குதான் வளையும். வீடுகளில் பாதி, ஆம்பிளை இல்லாத வீடு. ஐயம்பிள்ளை இரண்டு நாள் யோசித்தார், மூன்றாம் நாள் ஒரு கொப்பியில் நாற்பது வீட்டுப் பெயர்களையும் வரிசையாக எழுதினார், நான்காம் நாள் சுடர்மதிக்கு விருந்து ஆரம்பமாயிற்று.

இன்றைக்கு ஒரு வீட்டில் கொழுக்கட்டை, நாளைக்கு ஒரு வீட்டில் உளுந்து வடை, அதற்கு அடுத்த நாள் பால்புட்டு என்று, வீட்டுக்காரி கோடு கீறிக் காட்டிய இடத்தில் பாய் போட்டு இருத்தி, அரிசி வேகும் நேரம்வரை கதை சொல்லிச் சாப்பாடு கொடுத்து, குழி வந்ததும் கன்னத்தில் கொஞ்சி அனுப்பினார்கள். முகாமில் சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிய பிள்ளையின் கன்னம் உப்பியது. இராசமலர் அதைக் கண்டு, அடுத்த வீட்டு விருந்துக்கும் பிள்ளைக்குத் தலைவாரி அனுப்பினாள். முப்பத்தொரு வீட்டுக்குக் குழி கிடைத்தது. ஒன்பது வீடு மிச்சம். தலைவராகப்பட்டவர் முந்தக்கூடாது என்று தன் பெயரைக் கடைசியில் எழுதிவைத்த ஐயம்பிள்ளை, இன்னமும் விடியற்காலையில் செம்பைத் தூக்கிக்கொண்டு பற்றைக்குள் போய்வந்துகொண்டிருந்தார்.

*

கோமளா வந்த காரணம் முழங்கால்.

சுடர்மதியின் வலது முழங்காலுக்குள் ஒரு செல் துண்டு இருந்தது, புளியங்கொட்டை அளவு. பிள்ளை வளர வளர எலும்பும் வளர்ந்து, துண்டு அதைக் கிள்ளத் தொடங்கியிருந்தது. பெரியாசுப்பத்திரிக்கு வருகிற எலும்பு டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "மார்கழியில் எடுத்துவிட்டால் ஓடலாம், மார்கழி போனால் கால் இப்படியே நீட்டினபடி நின்றுவிடும், பிறகு நான் எடுத்தும் பிரயோசனம் இல்லை," என்று சொல்லியிருந்தார். அவள் ஏற்கெனவே இரண்டு தரம் அனுமதிக்கப்பட்டவள். இரண்டு தரமும், மூன்றாம் மாடியிலிருந்த வாட்டிலிருந்து ஆசுப்பத்திரிச் சட்டையோடேயே நொண்டி நொண்டி இறங்கிப்போய், முன்வளவில் குரோட்டன் செடிகளுக்கு நடுவே வந்திருந்த தன் பங்கருக்குள் இருந்துவிட்டாள். தோட்டக்காரர் அவளைச் சுற்றித் தண்ணீர் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

"பயமாம்," என்று துண்டுக் கடதாசியில் எழுதி, டொக்டர் பிள்ளையைக் கோமளாவின் பொறுப்பில் விட்டார். கோமளாவிடம் இருந்த படிவத்தில் 'அறிகுறிகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அவள் 'குழி' என்று எழுதி அனுப்பினாள். அலுவலகத்திலிருந்து மறுநாள் தொலைபேசியில் கேட்டார்கள்: "நீளம் அகலம் எழுத மறந்துட்டீங்களே, மிஸ்?"

முதல் செவ்வாய்க்கிழமை கோமளா தன் வழக்கப்படி ஐந்து முகங்கள் வரைந்த அட்டையைக் காட்டினாள். ஒரு மூலையில் சிரிக்கிற முகம், மறு மூலையில் அழுகிற முகம். சுடர்மதி சிரிக்கிற முகத்தைத் தொட்டாள். "என்னத்துக்கு அதைத் தொட்டீங்க?" என்று கேட்டாள் கோமளா. "அதைத் தொட்டால்தான் நீங்கள் கெதியா வீட்டை போகலாம். வெயில் ஏறுது," என்றாள் சுடர்மதி. கோமளா அட்டையைப் பைக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு அது வெளியே வரவில்லை.

இரண்டாம் செவ்வாய் அவள் வந்து இறங்கியபோது ஐயம்பிள்ளை வேட்டியை மடித்துக்கட்டி நின்றார், பின்னால் எட்டு வீட்டுக்காரரும் நின்றார்கள்.

"மிஸ், நீங்கள் பிள்ளையைச் சுகப்படுத்த வந்தது எங்களுக்குப் பெரிய சந்தோசம்," என்று தொடங்கினார் ஐயம்பிள்ளை. "ஒரு சின்ன வேண்டுகோள். ஒன்பது வீடு இன்னும் மிச்சம் கிடக்கு. எனக்காகச் சொல்லேல்லை. தைப்பொங்கல் முடிய ஆறுதலாச் சுகப்படுத்தினால் காணாதோ?"

"மார்கழி தாண்டினா கால் போயிரும், ஐயா."

ஐயம்பிள்ளை மடித்துக்கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டார்.

"அப்ப காலை மட்டும் சுகப்படுத்துங்கோவன்," என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. "குழியில கை வைக்காதேங்கோ."

"குழி இல்லாத இடத்துக்குப் பிள்ளை வரமாட்டேங்குது, அக்கா. ஆசுப்பத்திரியோ மூணாவது மாடி."

"கீழ் மாடியில வெட்டினால் என்ன? கத்தி என்ன, படி இறங்காதோ?" என்று ஐயம்பிள்ளை கேட்டார். கேட்டுவிட்டு, தானே தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

*

எல்லோரும் சுடர்மதியை மேலே வா, மேலே வா என்றுதான் கூப்பிட்டிருந்தார்கள், கீழே இறங்கியவர் ஒருவருமில்லை. கோமளா அன்றைக்குச் செருப்பைக் கழற்றி முதற்படியில் வைத்துவிட்டு, "நான் உள்ள வரலாமா?" என்று கேட்டாள்.

சுடர்மதி கொஞ்சம் யோசித்தாள். "வாங்கோ. இடம் இருக்கு. ஆனா அந்த மூலையில இருக்காதேங்கோ."

உள்ளே ஈரமண் மணத்தது. கூரை மூட்டைகளில் ஒன்று சிவப்புக் கூறைச் சேலை, சரிகைக் கரையில் மயில்கள் ஒன்றின் பின் ஒன்றாகப் போயின. கோமளா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. "இங்க என்ன விளையாடலாம்?" என்று கேட்டாள்.

கொக்கான் விளையாடினார்கள். ஐந்து கல்லைத் தரையில் போட்டு, ஒன்றை மேலே எறிந்து, அது விழுவதற்குள் மற்றதைப் பொறுக்குகிற விளையாட்டு. கோமளா எறிந்த கல் கூரையில் பட்டுத் தலையில் விழுந்தது, சுடர்மதி விழுந்து விழுந்து சிரித்தாள். "மிஸ், உங்கட ஊரில கையே இல்லையோ?" அந்தச் செவ்வாயும் அடுத்த செவ்வாயும் அதற்கடுத்த செவ்வாயும் விளையாடினார்கள், கார்த்திகை மழை பெய்து, வீட்டு விருந்துகளையும் நிறுத்திவைத்து ஓய்ந்தது, கோமளாவுக்கு மூன்று கல்வரை பொறுக்க வந்துவிட்டது. அப்போதுதான் அவள் ஒன்றைக் கவனித்தாள். தன் முறை முடிந்து சுடர்மதியின் முறை முடிந்த பிறகு, சுடர்மதி இடக்கையால் இன்னொரு முறை விளையாடினாள். அந்தப் புள்ளிகளைச் சுவரில் தனியாக ஒரு கோட்டில் கீறினாள். அந்தக் கோடு வெறுமையான மூலைக்குப் பக்கத்தில் இருந்தது.

"அது யாரோட முறை?"

"தம்பியின்ர. எழிலன். அஞ்சு வயசு. இல்லை, இப்ப ஆறரை."

"எங்க இருக்காரு?"

"பின்னால வாறான்," என்றாள் சுடர்மதி, கல்லைப் பொறுக்கிக்கொண்டே. "காயக்காரரைக் கப்பலில ஏத்தேக்க நான் ஏறமாட்டன் எண்டு அழுதனான். நீ முன்னுக்குப் போ, தம்பி மாமாவோட பின்னால வாறான் எண்டு அம்மா சொன்னவா. செல் விழுந்த அண்டைக்குத் தண்ணி எடுக்கிறது என்ர முறை, மிஸ். கொக்கானில அவன் தோத்ததால அவனை அனுப்பினனான். வந்தால் களைச்சுப் போய் வருவான். அவன் வாற இடத்தில இருக்கிறதுக்கு இடம் வேணும்தானே?"

கோமளாவின் கையிலிருந்த கல் கீழே விழுந்தது. "நீங்கள் அவுட்," என்றாள் சுடர்மதி.

*

எழிலன் வரமாட்டான் என்று ஊருக்கே தெரியும் என்பதைக் கோமளா அன்று மாலைக்குள் தெரிந்துகொண்டாள். கடைக்காரருக்குத் தெரியும், அதிபருக்குத் தெரியும், கொழுக்கட்டை அவித்தவளுக்கும் வடை சுட்டவளுக்கும் தெரியும். பிள்ளை "தம்பி வந்திட்டானோ?" என்று கேட்கிற வீடுகளில் எல்லாம் "வருவான், வருவான், நீ சாப்பிடு," என்றுதான் சொல்லியிருந்தார்கள். அந்தச் சொல்லையும் சாப்பாட்டையும் ஒரே கையால் பரிமாறியிருந்தார்கள்.

இராசமலர் வளவில் கச்சான் கடலை உலர்த்திக்கொண்டிருந்தாள். கோமளா எழிலனைப் பற்றிக் கேட்டதும் அவள் கை நின்றது.

"சொல்லாமல் விட்டது பிழை எண்டு எனக்குத் தெரியும், மிஸ்," என்றாள் மெதுவாக. "கப்பலில ஏத்த வேற சொல் வரேல்லை. ஏத்தினாப் பிறகு சொல்லுவம் எண்டு இருந்தன். முகாமில சொல்லுவம் எண்டு இருந்தன். பிறகு இந்தக் குழி வரத் தொடங்கிச்சுது."

"குழி வந்தா என்னக்கா?"

"என்ர பிள்ளைக்கு இடம் போட்டிருக்கு, மிஸ். நாளாந்தம், போற இடமெல்லாம். அதைப் பாக்கேக்க எனக்கும் அவன் பின்னால வாற மாதிரித்தான் கிடக்கும். நான் வாயைத் திறந்து சொன்னால் அது நிண்டு போயிடும்."

கோமளா கச்சானைப் பரப்ப உதவினாள். "நிக்குமா நிக்காதான்னு எனக்கும் தெரியாது," என்றாள் கடைசியில். "ஆனா அந்தப் பிள்ளை யாருக்காகக் காத்துக்கிட்டிருக்குன்னு உங்களுக்குத் தெரியும். அதுக்குத் தெரியல."

அடுத்த செவ்வாய் இராசமலர் முதல் தடவையாகப் படி இறங்கினாள். ஐந்து படிகளையும் இறங்கி, குனிந்து, அந்த வெறுமையான மூலையில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, அது தம்பியின்ர இடம்."

"தெரியும்," என்றாள் இராசமலர். "சுடர், தம்பி பின்னால வரேல்லை. உனக்குக் காலில பட்ட அதே செல்தான் பக்கத்தில தண்ணி எடுக்கப் போன அவனுக்கும் பட்டது. அண்டைக்கே முடிஞ்சுது. மாமாவும் நானும் ரெட்டைப் பனையடியில அவனை வைச்சிட்டுத்தான் கப்பலுக்கு வந்தனாங்கள். உனக்குப் பொய் சொன்னது நான்."

வெளியே எங்கோ லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று போகிற சத்தம் கேட்டது, தேய்ந்தது. கோமளா தரையிலிருந்த ஐந்து கற்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் தண்ணி குடிச்சவனோ?" என்று கேட்டாள் சுடர்மதி.

"குடிச்சவன். நான்தான் பருக்கினனான்."

"அது என்ர முறை, அம்மா."

"செல்லுக்கு முறை தெரியாது, பிள்ளை."

சுடர்மதி அழுதாள். இராசமலரும் அழுதாள். பதுளைக்காரி கோமளா, அழக்கூடாது என்று பயிற்சி எடுத்தவள், கூறைச் சேலையின் மயில்களை எண்ணிக்கொண்டிருந்தாள், பதினொன்றுக்கு மேல் எண்ண முடியவில்லை. சோறு வேகும் நேரம் போனது, இன்னொரு பானை வேகும் நேரமும் போனது, பிறகு மூன்று பேரும் பசிக்குது என்று மேலே வந்தார்கள்.

*

குழி நின்றுவிடும் என்று ஊர் எதிர்பார்த்தது. நிற்கவில்லை. மறுநாள் முப்பத்திரண்டாம் வீட்டில் பாய் போட்டு இருத்தினார்கள், இடியப்பமும் சொதியும் கொடுத்தார்கள், நேரத்துக்குக் குழியும் வந்தது. ஆனால் ஐயம்பிள்ளை அளவுநாடாவை உள்ளே விட்டதும் அவர் முகம் மாறியது. முழங்கை மடிப்பைக் காணவில்லை. நேராக, ஒடுக்கமாக, ஓர் ஆள் இருக்கிற அளவு மட்டும் இருந்தது.

"அளவு குறைஞ்சு போச்சு," என்றார்.

"இதுக்குள்ள கோழி வளக்கலாம், வேறென்ன செய்யலாம்?" என்றாள் முப்பத்திரண்டாம் வீட்டுக்காரி.

கூட்டம் கூடியது. நிறுவனத்துக்காரனிடம் பேசலாம் என்றார் ஒருவர், குழியை நாங்களே அகட்டலாம் என்றார் இன்னொருவர். கொழுக்கட்டை வீட்டுக்காரி எழுந்தாள். "முப்பத்தொரு வீடு அந்தப் பிள்ளையின்ர தம்பிக்கு வந்த இடத்தில கக்கூசு கட்டி வைச்சிருக்கிறம். ஒன்பது குழி வெட்ட எங்களுக்குக் கை இல்லையோ?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஒருவரும் அளவைப்பற்றிப் பேசவில்லை. அடுத்த வாரம் முழுவதும் ஆத்திவெட்டையில் அலவாங்குச் சத்தம் கேட்டது, முப்பத்தொரு வீட்டாரும் முறைவைத்து வந்து ஆளுக்கு அரைமுழம் என்று கிறவலைப் பெயர்த்தார்கள், நாலு அலவாங்கு வளைந்தது. எட்டாவது வீட்டுக் குழி முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மிச்சம் ஒரு வீடு. அது யாருடைய வீடு என்று சொல்லவேண்டியதில்லை.

மார்கழி பிறந்தது. மூன்றாம் மாடிப் பிரச்சினை மட்டும் அப்படியே இருந்தது, ஏனென்றால் குழி சின்னதானாலும் சுடர்மதிக்கு அது கிட்ட இருக்கவேண்டும், ஒரு பாய்ச்சலில் போய்விழுகிற தூரத்தில் இருக்கவேண்டும்.

"பங்கருக்கு மண்தானே வேணும்?" என்றார் ஐயம்பிள்ளை ஒரு காலையில், செம்போடு பற்றையிலிருந்து திரும்பி வந்த வழியில் கோமளாவைக் கண்டு. "மாடியில மண் இல்லையெண்டால், மண்ணை மாடிக்கு ஏத்துவம்."

மத்தியானம் அவர் ஒரு பச்சை பிளாஸ்டிக் பேசின் நிறைய மண்ணோடு வந்தார். "என்ர வளவு மண்," என்றார். "ஒரு குழியாவது என்ர மண்ணில விழட்டும்."

கோமளா எலும்பு டொக்டரிடம் போய் நின்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, நோயாளி அட்டையில் மருந்துகளின் பெயர்களுக்குக் கீழே எழுதினார்: 'பேசின் ஒன்று, மண்ணுடன், கட்டிலின் கீழ், இரவும் பகலும்.' கையெழுத்தும் போட்டார். வாட்டின் பெரிய தாதி அதை இரண்டு தரம் வாசித்தாள். "மண் சிந்தினால் கூட்டுறது ஆர்?" என்று மட்டும் கேட்டாள்.

பேசினைக் கட்டிலுக்குக் கீழே வைத்து, சுடர்மதி கட்டிலில் ஏறியிருந்து, அரிசி வேகும் நேரம் கழிந்ததும், பேசினில் இருந்த மண் மெல்லத் தாழ்ந்தது. நகத்தளவில் ஐந்து படிகள். நெருப்புக்குச்சி மொத்தத்தில் பனங்குற்றிகள். பெருவிரல் அளவில் சேலை மூட்டைகள், அவற்றில் ஒன்று சிவப்பு, அதன் கரையில் எறும்பளவு மயில்கள். தோண்டிய மண் ஓரமாகச் சுண்டங்காய் அளவுக்குக் குவிந்திருந்தது. பக்கத்துக் கட்டில்காரி எட்டிப் பார்த்து, "எங்கட பங்கர் இதைவிட உயரம்," என்றுவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

"இதுக்குள்ள நான் போகேலாது, மிஸ்."

"போக முடியாது. கையை வைக்கலாம்."

சுடர்மதி கட்டிலில் குப்புறப் படுத்து, கையைத் தொங்கவிட்டு, இரண்டு விரல்களைப் படி வழியாக உள்ளே இறக்கினாள். அப்படியே நித்திரையாகிவிட்டாள். தாதிகள் அந்தக் கையைத் தாண்டி நடந்தார்கள்.

காலை எட்டு மணிக்கு ட்ரொலி வந்தது. சுடர்மதி பேசினைத் தூக்கி மடியில் வைத்திருந்தாள். பெரிய தாதி தலையை ஆட்டினாள். "பிள்ளை, ஒப்பரேசன் தியேட்டருக்குள்ள மண் கொண்டுபோக ஏலாது. டொக்டர் எழுதினாலும் ஏலாது."

வாட்டில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கோமளா கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வேணாம்னு சொன்னீங்கன்னா யாரும் கோவிக்கமாட்டாங்க. வேன் கீழதான் நிக்குது, ஊருக்குப் போயிரலாம். ஆனா கால் இப்படியே நின்னுரும். அது நிசம்."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணித்தியாலம்."

"மயக்கத்தில கிடக்கேக்க சத்தம் கேட்டால் எழும்பி ஓடேலாது, என்ன?"

"ஓட முடியாது."

சுடர்மதி அம்மாவைப் பார்த்தாள். "நீங்கள் எங்க நிப்பீங்கள்?"

"கதவடியில," என்றாள் இராசமலர். "பின்னால வாறன் எண்டு சொல்லேல்லை. நீ போற கதவுக்கு வெளியில, அந்தப் பச்சை வாங்கில, நீ வாற வரைக்கும் இருப்பன்."

ட்ரொலி தள்ளுகிறவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

சுடர்மதி பேசினை அம்மாவின் மடியில் வைத்தாள். பிறகு ட்ரொலியில் ஏறிப் படுத்தாள்.